அள்ளிப் போட்ட கொழுந்து

இடது கையைத் தூக்கினால் ஜெயலெட்சுமிக்கு நெஞ்சு உயரம் வரைதான் வரும். அதற்கு மேல் தோளுக்குள் ஏதோ பூட்டிக்கொள்ளும். பிடிவாதமாகத் தூக்கிப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மூன்று வருஷமாக அவள் தன் தலைக்குத் தானே கொண்டை போட்டதில்லை. லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் சுதர்ஷினிதான் விடியற்காலையில் வந்து சீப்பால் இழுத்து முடிந்துவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை வெலிமடையிலிருந்து புருஷன் கணபதி வந்தால் தலையில் தண்ணீர் ஊற்றிவிடுவான். இறுக்கமான ரவிக்கைக்குள் அந்தக் கை நுழையாது. ஆகவே கணபதியின் பழைய சட்டைகளே அவளுக்கு உடுப்பாகிவிட்டன.

ஊசி போட்ட நாளை அவள் மறக்கவில்லை. மறக்க விரும்பவும் இல்லை.

பெரகலைக்கு மேலே கல்லருவித் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் அன்றைக்கு ஒரே மூடுபனி. கொரோனா ஊசி போட நடமாடும் குழு ஒன்றைத் தோட்டமே வரவழைத்திருந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களை நிரையிலிருந்து அப்படியே இறக்கி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கூட்டிப்போனார்கள். எல்லோரும் ரவிக்கை, அதற்கு மேல் சுவெட்டர், அதற்கு மேல் புருஷன்மாருடைய சட்டை, இடுப்பில் படங்குச்சாக்கு என்று மலைக்குப் போகும் கோலத்திலேயே நின்றார்கள். பனியில் நனைந்த சட்டைக் கைகள் தோலோடு ஒட்டியிருந்தன. ஒருத்தி தன் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கைக்கு ஏற்றுவதற்குள் பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். உதவி மேனேஜரான சின்னத்தொரை மணிக்கூட்டைப் பார்த்தார். மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை அஜந்தன் அதைப் பார்த்துவிட்டான்.

"கையெல்லாம் சுருட்டிக்கிட்டு நிக்காதீங்க," என்றான். "கழுத்துப் பக்கமா சட்டைய எறக்கிவிடுங்க, போதும். நெறை அப்படியே கெடக்கு."

அப்படித்தான் எல்லோரும் செய்தார்கள். பொத்தானைக் கழற்றி, கழுத்துப் பட்டியைத் தோளுக்கு இழுத்து, ஒரு கையால் நெஞ்சை மூடிக்கொண்டு நின்றார்கள். ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் அதற்கு மேல் எவள் இறக்குவாள்? தெரிந்தது தோளின் உச்சி மட்டும்தான். ஊசி போட வந்த பெண் எந்தக் கைப் பழக்கம் என்று சிங்களத்தில் கேட்டாள். அஜந்தன் அதைத் தமிழில் சொன்னான். ஜெயலெட்சுமி ரெண்டு கையும்தான் என்றாள். நிரையே சிரித்தது. கொழுந்து எடுக்கிறவளுக்குச் சும்மா இருக்கிற கை என்று ஒன்று உண்டா? அந்தப் பெண் பக்கத்தில் இருந்த இடது தோளில் குத்தினாள். எலும்பில் ஆணி இறங்கினது போல் இருந்தது. கத்துவதற்குள் அடுத்தவளின் முறை வந்துவிட்டது.

எல்லோருக்கும் அன்றிரவு கை வலித்தது. ஓரிரு நாளில் எல்லோருக்கும் விட்டது. இவளுக்கு விடவில்லை. தோட்டத்து மருந்துக் காம்பராவில் பெனடோல் மாத்திரை கொடுத்தார்கள். திரும்பவும் போனபோது திரும்பவும் பெனடோல் கொடுத்தார்கள். கடைசியில் பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஊசி தசையில் இறங்காமல் மூட்டுக்குள் இறங்கியிருக்கிறது, உள்ளே வீங்கி இப்போது பூட்டிக்கொண்டது என்றார். மருந்து கெட்டதில்லை, போட்ட இடம்தான் பிழை என்பதை இரண்டு தடவை சொன்னார். ஜெயலெட்சுமிக்கு அது விளங்கியது. இரண்டாவது ஊசியை அவள் தவறாமல் போட்டாள். வலது கையில், திரை மறைவில், சட்டையை முழுதாகக் கழற்றிவிட்டு. அது ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வயிறெரிந்தது. ஒரு சாக்கைத் திரையாகக் கட்டி, இரண்டு நிமிஷம் பொறுத்திருந்தால் போதும், இந்தக் கை இன்றைக்கும் கையாக இருந்திருக்கும்.

கொழுந்து ஒற்றைக் கையால் எடுக்கிற வேலை இல்லை. இரண்டு கையும் வாதின் மேல், தேயிலைச் செடியின் தலையில், மாறி மாறி ஓட வேண்டும். பிடி நிறைந்ததும் தலைக்கு மேலாக முதுகிலிருக்கும் கூடைக்குள் வீச வேண்டும். இவளுக்கு வலது கை மட்டும் ஓடியது. இடது கை இலைமட்டத்தில் கிடந்து, எட்டினதைக் கிள்ளியது. எடை பாதிக்கும் கீழே போனது. எடை குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள், அரை நாள் சம்பளம்தான் வரும். அரைப்பேர் தொடர்ந்தால் வேலையிலிருந்து பேரை வெட்டுவார்கள். கணபதி தோட்ட வேலையை விட்டுவிட்டு வெலிமடை உருளைக்கிழங்குக் காட்டுக்குப் போன பிறகு, அந்த லயத்துக் காம்பரா இவளுடைய பேரில்தான் நின்றது. பேர் போனால் காம்பராவும் போகும்.

சுதர்ஷினிதான் முதலில் ஆரம்பித்தாள். நிரையில் பக்கத்தில் வரும்போது தன் பிடியிலிருந்து ஒன்றை ஜெயலெட்சுமியின் கூடைக்குள் போட்டாள். அதைப் பார்த்து அதே நிரையில் நின்ற விஜயலெட்சுமியக்கா ஒரு பிடி போட்டாள். பிறகு அது நிரையின் வழக்கமாகிவிட்டது. வாதுகளைத் தாண்டிப் போகும் ஒவ்வொருத்தியும் ஒரு பிடி. ஒருத்தி கொழுந்தை இன்னொருத்தி கணக்கில் சேர்ப்பது தோட்டத்தில் குற்றம். களவு என்று எழுதுவார்கள். ஆகவே யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை, கேலி மட்டும் செய்தார்கள்.

"எங்கூட்டுக்காரருக்குக்கூட நான் இப்படி அள்ளிக் குடுத்தது இல்ல," என்பாள் விஜயலெட்சுமியக்கா. "சும்மா வாங்கிக்கிட்டு நிக்கிறா பாரு, தொரையம்மா மாதிரி."

அஜந்தன் அதைப் பார்த்தான். மலை முழுவதும் கண் ஓடவிடுவதுதானே அவன் உத்தியோகம். ஒருநாள் சுதர்ஷினியின் கை ஜெயலெட்சுமியின் கூடைக்குள் இருக்கும்போதே நேரே வந்து நின்றான். சுதர்ஷினி கையை இழுத்துக்கொண்டாள். அவனோ, கொழுந்து மடுவத்துக்கு வந்து சேர்ந்தால் சரி என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த நிரைக்குப் போனான். மேல் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் அவன். மூக்கொழுக இவள் காம்பராவுக்கு வந்து ரொட்டி வாங்கித் தின்றவன். படித்து, கணக்கப்பிள்ளையானதும் இவள் மரியாதையாக ஐயா என்று கூப்பிடத் தொடங்கினாள். அன்றைக்கு அவள் கணபதியிடம் ஃபோனில், நம்ம லயத்துப் புள்ளதானே, மனசு இருக்கு என்று சொன்னாள். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போது நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

நட்டஈடு கேட்கலாம் என்று சொன்னவள் பதுளையில் இருக்கும் சட்டத்தரணி ஹம்ஸியா. சின்ன வயசுதான். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு துணிக்கடை மாடியில் அவளுடைய கந்தோர். ஊசி போட்டதெல்லாம் வேலையில் சேராது, அது இலவசமாகச் செய்த உபகாரம் என்று தோட்டம் கைவிரித்திருந்தது. ஹம்ஸியா அதைக் கேட்டுச் சிரித்தாள். வேலை நேரத்தில், வேலை செய்த நிரையிலிருந்து இறக்கி, சட்டையை எப்படி இறக்க வேண்டும் என்று வேலை வாங்குகிறவனே சொல்லியிருக்கிறான், அது வேலையில் நடந்த காயம் இல்லாமல் வேறென்ன என்றாள். அந்த ஒரு கேள்வியை ஜெயலெட்சுமி வீட்டுக்கு எடுத்து வந்து, மாவு பிசையும்போதும் விறகு அடுக்கும்போதும் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தி அவள் கையைக் காயம் என்று சொல்லியிருந்தாள். லயத்தில் சிலர் அதைச் சோம்பல் என்றும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

நட்டஈட்டு விசாரணை நாளன்று சுதர்ஷினி லீவு போட்டுவிட்டு சாட்சிக்கு வந்தாள். பெரகலைச் சந்தியில் பதுளை பஸ் பிடித்தார்கள். பண்டாரவளை தாண்டியதும் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள் சுதர்ஷினி. கட்டைச்சம்பல் காரத்தில் இருவருக்கும் மூக்கு ஒழுகியது. கழுத்துப் பட்டியை இறக்கச் சொன்னது, நெஞ்சை மூடிக்கொண்டு நின்றது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லப் போவதாகச் சுதர்ஷினி வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். சின்னத்தொரை மணிக்கூடு பார்த்ததை நடித்துக் காட்டினபோது முன் ஸீட்டு ஆள் திரும்பிப் பார்த்தான்.

விசாரணை அதிகாரி குமாரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, எல்லோரையும் ஒரேமாதிரிப் பார்த்தார். தோட்டத்தின் பக்கம் ஒரு சட்டத்தரணியும், இஸ்திரி போட்ட சட்டையில் அஜந்தனும் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் படித்துவிட்டு அதிகாரி கேட்டார். "அம்மா, நீங்கள் எந்தக் கையாலை சாப்பிடுறனீங்கள்?"

"சோத்துக் கையாலதாங்க."

"அப்ப காயப்பட்டது பழக்கமில்லாத கை." அவர் எழுதத் தொடங்கினார்.

"நான் சாப்பிடுறதுக்காங்க தோட்டத்துல பேர் போடுறாங்க?" என்றாள் ஜெயலெட்சுமி. "கொழுந்து எடுக்கிறதுக்குப் போடுறாங்க. அதுக்கு ரெண்டு கையும் வேணும்."

ஹம்ஸியா மேசைக்குக் கீழே அவள் முழங்காலைத் தட்டினாள். அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. எழுதியதை நிறுத்தினார். கொழுந்து எப்படி எடுப்பது என்று கேட்டு, அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். அந்த நேரம் அவளுக்கு இது நடந்துவிடும் என்றுதான் தோன்றியது.

பிறகு அஜந்தன் எழுந்தான். தோட்டத்துச் சட்டத்தரணி ஒரேயொரு கேள்விதான் கேட்டார். இந்த அம்மாவின் வேலையில் ஏதாவது குறை உண்டா?

"இல்லீங்க சேர்," என்றான் அஜந்தன். "நல்ல வேலைகாரி. ஊசிக்கு முந்தி எவ்வளவு கொழுந்து கொண்டு வந்தாங்களோ, இப்பவும் அவ்வளவு கொண்டு வாறாங்க. நானே நிறுக்கிறேன்."

அவளைப் புகழ்கிறவன் மாதிரிச் சொன்னான். சுதர்ஷினியின் நகம் ஜெயலெட்சுமியின் கைக்குள் இறங்கியது. ஜெயலெட்சுமிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அது என் கொழுந்து இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த கேள்வி, அப்படியானால் யாருடையது என்பதுதான். யாருடையது என்று சொன்னால் நிரையில் நிற்கிற அத்தனை பேரும் களவுக்காரிகள். அது அஜந்தனுக்கும் தெரியும். தெரிந்துதான் அவ்வளவு தைரியமாக நிற்கிறான்.

"அம்மா, இதுக்கு என்ன சொல்லுறியள்?" என்றார் அதிகாரி. "அவர் சொல்லுறது பிழையெண்டால் பிழையெண்டு சொல்லுங்கோ."

பக்கத்தில் சுதர்ஷினி எழப்போவது தெரிந்தது. ஜெயலெட்சுமி வலது கையால் அவள் சேலையைப் பிடித்துக் கீழே அமர்த்தினாள்.

"ஒரு தவணை குடுங்கய்யா," என்றாள்.

கொடுத்தார். விசாரணை இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போனது. வேலை குறைந்தது என்பதற்கு அத்தாட்சி இல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்பதையும் சொல்லித்தான் கொடுத்தார்.

வெளியே நடையில் நின்று ஹம்ஸியா முழுக்கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டு ஃபைலை மடியில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத ஏன் எனக்கிட்ட முதல்லயே சொல்லல்ல?"

"நீங்க கேக்கல மிஸ். அவளுங்க போடுற ஒரு பிடி வழக்குல வந்து நிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சுதர்ஷினி அழுதாள். நான்தான் முதலில் போட்டேன், உள்ளே போய் நானே சொல்லிவிடுகிறேன் என்றாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், வருஷத்தில் பாதி நாள் வேலையில்லாத புருஷன். பேசாமல் வா என்று ஜெயலெட்சுமி அதட்டினாள்.

பஸ் ஸ்டாண்டில் அஜந்தன் இருந்தான். கையில் மூன்று பிளேன்டீ. வெட்கம் இல்லாமல் நீட்டினான்.

"அக்கா, கோவிக்காதீங்க. தொரை சொல்லச் சொன்னாரு. எனக்கும் புள்ள குட்டி இருக்கு. ஆனா பொய் ஒண்ணும் சொல்லலியே. நிறுத்தத சொன்னேன்."

"பாத்தத சொல்லலியே தம்பி."

"அத சொல்லியிருந்தா இவங்க எல்லாருக்கும்தான் வேல போயிருக்கும். நான் சொல்லாம விட்டது உங்களுக்கெல்லாம் செஞ்ச ஒதவி."

ஜெயலெட்சுமி அவன் முகத்தையே பார்த்தாள். நம்பித்தான் சொல்கிறான். அதுதான் தாங்க முடியவில்லை. "உன் ஒதவிய நீயே குடி," என்றாள். சுதர்ஷினி வாங்கிய கோப்பையையும் பிடுங்கி அவன் பக்கத்தில் வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.

ஹப்புத்தளையில் மழை பிடித்தது. ஜன்னலை மூடாமல் ஜெயலெட்சுமி நனைந்தாள். நனையட்டும் என்று இருந்தாள். பஸ் பெரகலைக்கு இறங்கும்போது சுதர்ஷினியின் பக்கம் திரும்பி, நாளையிலிருந்து என் கூடைக்குள் யாரும் ஒன்றும் போடக்கூடாது என்றாள்.

அன்று பொழுது சாயப் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். குடங்கள் நின்றுவிட்டன. மழையில் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. ஆளாளுக்குக் கேட்டார்கள். நாளைக்கே அரைப்பேர் விழும், ஒரு மாசத்தில் பேரை வெட்டுவார்கள், வழக்கு முடியுமுன் காம்பராவில் வேறு ஆள் இருப்பார்கள் என்றார்கள். எல்லாம் அவளுக்கும் தெரிந்த கணக்குத்தான்.

விஜயலெட்சுமியக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப இத்தன நாளு நாங்க போட்டது என்னாடி? பிச்சையா?"

"பிச்சை இல்லக்கா. நீங்க போடலன்னா நான் எப்பவோ ரோட்டுல நின்னிருப்பேன்."

"பெறகென்னா? கை நோவு இல்லாத நாங்க போடுறோம், வாங்கிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே. கோட்டுக்குப் போனதும் ரோசம் வந்துருச்சோ."

"வந்துருச்சு," என்றாள் ஜெயலெட்சுமி. "உங்க கைய காட்டித்தான் எனக்குக் கை நல்லாருக்குன்னு சொல்றாங்க. என் கை போனது போனதாவே தெரியணும். எனக்கு அது வேணும்."

விஜயலெட்சுமியக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு, நிறையாமலே போய்விட்டாள். ஜெயலெட்சுமி கணபதிக்கும் ஃபோனில் சொன்னாள். அவன் கிழங்குக் காட்டில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டு கத்தினான். இருக்கிற கூரையையும் பிய்க்கப் பார்க்கிறாயா என்றான். பிறகு, ஞாயிற்றுக்கிழமை தலைக்கு வைக்க எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்தான்.

மறுநாள் மழை விட்டு, காற்று பிடித்திருந்தது. நிரையில் நின்ற அன்றைக்குத்தான் அவளுக்குத் தன் வேலை எவ்வளவு என்று தெரிந்தது. வலது கை பறந்தது. இடது கை வாதில் விழுந்து கிடந்தது. பத்து வாது போவதற்குள் மற்றவர்கள் அடுத்த திருப்பத்துக்குப் போய்விட்டார்கள். பழக்கத்தில் ஒரு கை அவள் கூடைப் பக்கம் நீண்டது. திரும்பி நின்றுகொண்டாள். கை வெறுமையாகப் போனது. சுதர்ஷினி கடந்து போகும்போது தன் பிடியைத் தன் கூடைக்குள்ளேயே, கல்லை எறிகிறவள் மாதிரி எறிந்தாள். ஒருத்தியும் கேலி பேசவில்லை. காற்று மட்டும் தேயிலைக்கு மேலே ஓடியது.

மத்தியானம் மடுவத்தில் வரிசையாக நின்றார்கள். கூரை வளையிலிருந்து தொங்கும் வட்டத் தராசு எப்போதும் கணக்கப்பிள்ளை நிற்கும் பக்கமே பார்த்திருக்கும். சாக்கை மாட்டுவார்கள், அவன் எடையைச் சொல்வான், இறக்குவார்கள். ஜெயலெட்சுமியின் முறை வந்தது. அரைச் சாக்குகூட இல்லை. ஒற்றைக் கையால் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். உதவிக்கு வந்தவளைத் தள்ளிவிட்டாள்.

அஜந்தன் தராசைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த எடை புத்தகத்தில் ஏறினால் விசாரணையில் அதுவே அத்தாட்சி.

"பன்னெண்டு கிலோ," என்றான்.

வரிசையில் ஒரு அசைவு. அவரவர் சாக்கையும் அவள் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எத்தனங்கய்யா?"

"பன்னெண்டு. எறக்கு, அடுத்தவங்க நிக்கிறாங்க."

அவள் இறக்கவில்லை. வலது கையால் தராசின் விளிம்பைப் பிடித்தாள். கொக்கி கிரீச்சிட்டது. சாக்கோடு சேர்த்துத் தராசின் முகத்தைப் பெண்கள் பக்கம் திருப்பினாள்.

"சுதா, வாசி."

சுதர்ஷினி அசையவில்லை. அவளுக்கு அஜந்தனையும் பயம், ஜெயலெட்சுமியின் மேல் கோபமும் தீரவில்லை. விஜயலெட்சுமியக்காதான் தன் சாக்கைத் தரையில் போட்டுவிட்டு முன்னால் வந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது, இலக்கம் தெரியும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அஞ்சு," என்றாள். "அஞ்சுகூட முழுசா இல்ல." திரும்பி வரிசையைப் பார்த்து இன்னும் உரக்கச் சொன்னாள். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருத்தியாகச் சாக்கைத் தரையில் வைத்தார்கள்.

அஜந்தன் குரலைத் தணித்தான். "அக்கா, அரைப்பேர்தான் விழும். யோசிச்சுக்கங்க. இன்னைக்கு ஒரு நாளோட முடியாது இது."

"முடியாதுன்னு தெரியும்யா. எழுதுங்க."

"தொரை கேட்டா நான் என்னா சொல்றது?"

"பாத்தத சொல்லுங்க."

அவன் பேனாவை எடுத்து எழுதினான். எழுதினது என்ன என்று அவள் கேட்டாள். சொன்னான். இவங்களுக்குக் கேக்கலய்யா என்றாள். இன்னொரு தடவை, மடுவம் முழுக்கக் கேட்கிற மாதிரி, அஞ்சு என்றான். அதன் பிறகுதான் அவள் தராசிலிருந்து கையை எடுத்தாள்.